பாட்டில் கழுவாத பிரஷ்

கேள்வி: பாட்டில் பிரஷ் செடியில் சிவப்பாகச் சிலிர்த்து நிற்பவை இதழ்கள்தானே?

பதில்: இல்லை, மகரந்தத் தாள்கள். ஒரு ‘பிரஷ்’ என்பது தண்டைச் சுற்றி நெருக்கியடித்து அமர்ந்த பல சிறு பூக்களின் கூட்டம். ஒவ்வொன்றிலும் ஐந்து இதழ்கள் உண்டு. ஆனால் சிறியவை, வெளிறியவை, யாரும் கவனிப்பதற்குள் உதிர்பவை. விளம்பர வேலை முழுவதும் தாள்களுடையது. தாயகமான ஆஸ்திரேலியாவில் அந்தச் சிவப்புக்கு வருபவை தேனுண்ணிப் பறவைகள். தமிழ்நாட்டுப் பூங்காக்களில் தேன்சிட்டுகள்.

கேள்வி: பிரஷ் என்றால் கைப்பிடி வேண்டாமா?

பதில்: இரண்டு முனையிலும் இருக்கிறது. பல செடிகளில் நுனியில் பூங்கொத்து வந்தால் அந்தக் கிளையின் வளர்ச்சி அத்தோடு சரி. இங்கே தண்டு பூக்களைத் தாண்டி இலைவிட்டு நீள்கிறது. அடுத்த கொத்து அதற்கும் மேலே. இலை முளைத்த பிரஷ் எந்தப் பாட்டிலுக்குள்ளும் நுழையாது என்பது வேறு விஷயம்.

பூ இருந்த இடத்தில் கட்டைபோல் இறுகிய காய்கள் தண்டைப் பற்றிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு அவசரம் கிடையாது. பல இனங்களில் வருடக்கணக்காக மூடியே கிடந்து, காட்டுத்தீயில் கிளை கருகினாலோ பட்டுப்போனாலோதான் திறந்து, பொடி விதைகளைக் கொட்டும். தீ அடங்கிய நிலத்தில் நிழலும் இல்லை, போட்டிக்குப் பெரிய செடிகளும் இல்லை; நாற்றுக்கு அதைவிட நல்ல நேரம் ஏது?

கேள்வி: பெயரில் மட்டும்தான் துப்புரவா?

பதில்: செயலிலும் உண்டு. 1977இல் கலிஃபோர்னியாவில், ஒரு பாட்டில் பிரஷ் செடியின் அடியில் களைகள் அதிகம் முளைக்கவில்லை என்பது ஒரு வேதியியலாளரின் கண்ணில் பட்டது. காரணம் லெப்டோஸ்பெர்மோன் என்ற சேர்மம். பச்சையத்தை வெயிலிலிருந்து காக்கும் நிறமிகள் உருவாகாமல் அது தடுக்க, களை வெளுத்துச் சாகிறது. வயலுக்கு அதன் வீரியம் போதவில்லை. மூலக்கூறை மாற்றி மாற்றிப் பார்த்ததில் பிறந்த மீசோட்ரையோன் என்ற களைக்கொல்லி 2001 முதல் விற்பனையில் இருக்கிறது. மக்காச்சோளம் அதை விரைவில் சிதைத்துவிடுவதால் தான் மட்டும் தப்பிக்கிறது.

கேள்வி: தாவரவியலாளர்கள் இதை எப்படி அழைக்கிறார்கள்?

பதில்: சண்டை போட்டுக்கொண்டு. ராபர்ட் பிரவுன் 1814இல் கல்லிஸ்டெமான் என்று தனிப் பேரினம் வகுத்தார். லிண்ட்லி கிரேவன் 2006இல் பெரும்பாலான இனங்களை மெலலூக்கா என்ற பேரினத்தில் சேர்த்தார். இரு தரப்புக்கும் இன்றும் ஆள் இருக்கிறது. நர்சரிகளில் பாட்டில் பிரஷ் என்று கேட்டால் போதும்.

கேள்வி: வேறு எந்த வீட்டுச் சாமான்கள் பூக்கின்றன?

பதில்: முகப்பவுடர் ஒற்றும் பஞ்சு: பவுடர் பஃப் செடி. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் பஞ்சும் மகரந்தத் தாள்களே. மெழுகுவர்த்தி: சீமையகத்தி. மஞ்சள் கொத்துகள் நிமிர்ந்து நிற்பதால் வந்த பெயர். படர்தாமரைக்கு இதன் இலையை அரைத்துப் பூசுவது பழைய கைவைத்தியம். விளக்கும் உண்டு: நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கும், இதழ் கிழிந்த செம்பருத்தியை ஜப்பான் விளக்கு என்கிறார்கள். அதன் சொந்த ஊர் கென்யா, தான்சானியாப் பக்கம்.