பேராதனைக்குப் பிள்ளைகளோடு போவோர்க்கான கையேடு

முதலில் வரைபடத்தை மடித்துப் பையில் போட்டுவிடுங்கள். பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821இல் தொடங்கியது, 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி வளைத்து ஓடுகிறது என்பதெல்லாம் தனியாகப் போகிறவர்களுக்கான விபரம். ஐந்து வயதுப் பிள்ளையோடு போகிறவருக்கு இருக்கும் ஒரே அளவு, நிற்கிற இடத்துக்கும் மலசலகூடத்துக்கும் இடைப்பட்ட தூரம். பிள்ளைக்கு அவசரம் எப்போதும் ஆற்றங்கரை ஓரத்தில், அந்தத் தூரம் அதிகபட்சமாக இருக்கும் இடத்தில்தான் வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்து வருகிறவர்கள் விடிய முன்னமே வெளிக்கிட்டிருப்பார்கள். ஆகவே வாசலைத் தாண்டியதும் பசி. இடியப்பப் பார்சலைத் திறக்க முன் தலைக்கு மேலே பாருங்கள். குரங்கு இல்லையா? இன்னொருமுறை பாருங்கள்.

கல்விச் சுற்றுலா என்று சொல்லித்தானே லீவு எடுத்தீர்கள்? கல்வியை வாசனைத் திரவியத் தோட்டத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுவது புத்தி. கறுவா மரத்தில் கறுவாவைக் காணவில்லை என்று சின்னவன் முறைப்பாடு செய்வான். மரத்தின் உள்பட்டைதான் கறுவா, உரித்துக் காயவிட்டால்தான் கடையில் இருப்பதுபோலச் சுருளும் என்று நீங்கள் விளக்கும்போது அவன் குந்தியிருந்து எறும்பு பார்த்துக்கொண்டிருப்பான். நிறுத்தாதீர்கள். பின்னால் வரும் வேறொரு குடும்பம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வரும்.

இரட்டைத் தேங்காய் மரங்களைத் தாண்டும்போது மட்டும் நடையைக் கூட்டுங்கள். சீசெல்ஸ் தீவுகளின் மரம். உலகத்திலேயே பெரிய விதை இதனுடையது. 20 கிலோவுக்கு மேலும் நிறுக்கும். காய் முற்ற ஆறேழு வருடம் எடுக்கும். இத்தனையையும் நீங்கள் பாடமாக்கிக்கொண்டு போயிருப்பீர்கள். பிள்ளை அந்தத் தேங்காயை ஒரு தரம் பார்த்துவிட்டு, அது என்னத்தைப் போல இருக்கிறது என்று பக்கத்தில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கச் சொல்லும். அந்தச் சொல்லை வீட்டில் பழக்கியது யார் என்ற விசாரணை வானுக்குள் நடக்கலாம்.

இன்னொரு கேள்விக்கும் தயாராக இருங்கள். பெரிய மரங்களின் பின்னால் ஒவ்வொரு குடை விரிந்திருக்கும். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. “அந்த அக்கா ஏன் குடையைச் சரிச்சுப் பிடிச்சிருக்கிறா?” கண்டிப் பக்கம் எந்த நேரமும் மழை வரும் என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை.

நாகலிங்க மரத்தை ஐந்தாம் ஜோர்ஜ், மன்னராக முடிசூட முன், 1901இல் மனைவி மேரியோடு வந்து நட்டார். பீரங்கிக் குண்டு மாதிரியான காய்கள் அடிமரத்திலேயே தொங்கும். குடும்பப் படத்தை அதன் கீழ் எடுக்க வேண்டாம். எடுத்தே தீரவேண்டும் என்றால் மச்சானை நடுவில் விடுங்கள்.

இனி வௌவால். நீங்கள் காட்ட நினைத்த ஓர்க்கிட்டுகளையும் பூப்பாத்திகளையும் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். வௌவால் மரத்தடியில் ஒரு மணித்தியாலம் நிற்பார்கள். இவை வீட்டுக் கூரைக்குள் வரும் சின்ன வௌவால்கள் அல்ல, இறக்கையை விரித்தால் மூன்றரை, நாலு அடி வரும் பழந்தின்னிகள். இலை உதிர்ந்த கிளைகளில் பட்டப்பகலில் நூற்றுக்கணக்கில் தொங்கிக்கொண்டு, சந்தைக்கு வந்தவர்கள்போல ஓயாமல் சண்டை பிடிக்கும். வெயில் ஏற ஏற ஒரு செட்டையால் விசிறிக்கொள்ளும். நாற்றத்தைப் பற்றி இந்தக் கையேடு ஒன்றும் சொல்லாது.

அங்கே வரும் கேள்வி ஒன்றுதான்: “அப்பா, தலைகீழாத் தொங்கிக்கொண்டு எப்பிடி ஒண்டுக்குப் போகும்?” உங்கள் பட்டம் எதுவாக இருந்தாலும் இங்கே உதவாது. பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செட்டையில் பெருவிரல் நகம் ஒன்று கொக்கிபோல இருக்கிறது. வேளை வந்ததும் அந்த நகங்களால் கிளையைப் பிடித்து, காலை விட்டுவிட்டு, தலை மேலே வரத் தொங்கும். காரியம் முடிந்ததும் பழையபடி திரும்பிவிடும். சொல்லி முடித்ததும் இரண்டடி பின்னுக்குப் போங்கள். செய்து காட்டுகிற வௌவால் பெரும்பாலும் உங்கள் நேர் மேலேதான் இருக்கும்.

களைத்துப்போனால் இராட்சத மூங்கில் பக்கம் வாருங்கள். மழைக்காலத்தில் அதன் குருத்து ஒரு நாளைக்கு ஒரு அடி அளவுக்கு வளரக்கூடியது. அதாவது மணித்தியாலத்துக்கு அரை அங்குலம். பிள்ளையைக் குருத்துக்கு முன்னால் இருத்தி, வளருவது தெரிந்ததும் கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் புல்லில் சாயுங்கள். விஞ்ஞானப்படி உங்களுக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்க வேண்டும். நடைமுறையில் மூன்று நிமிடம்.

1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை இந்தப் பூங்காவில்தான் வைத்திருந்தார். பர்மாப் போரை இங்கிருந்து நடத்தியிருக்கிறார். ஐந்து வயதுப் பிள்ளை எதுவும் அவரோடு வரவில்லை என்பதைக் கவனிக்கவும்.

தொங்குபாலத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்பதைக் காவலாளி பார்த்துக்கொள்வார். ஆட்டுவது யார் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும் புல்வெளியில் நிற்கும் ஜாவா அத்தி பிள்ளைகளை அவிழ்த்துவிட ஏற்ற இடம். வேருக்கு வேர் தாவி ஓடுவார்கள், தொலைந்தாலும் அந்தச் சுற்றுக்குள்தான் நிற்பார்கள்.

கடைசியாக, அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் பனை வரிசை இருக்கும் வீதியைத் தவிருங்கள். பெரிய பெரிய பாம் மரங்களை வரிசையாக நட்ட வீதிகள் பூங்காவில் வேறும் உண்டு, அந்தப் பக்கமாக அழைத்துப் போகலாம். தவறிப் பனைக்குக் கீழே வந்துவிட்டால் அம்மம்மா அண்ணாந்து பார்ப்பார். “உதுக்கோ மோனை காசு குடுத்து டிக்கெட் எடுத்தனி? எங்கட வளவில நிக்கிறது என்ன?” என்று தொடங்குவார். பிறகு ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்ப்பார். காவோலை தட்டவில்லை, நுங்கு இறக்க ஆள் வைக்கவில்லை, இப்படியும் ஒரு வளவு வைத்திருப்பார்களா என்று பூங்கா ஊழியர் ஒருவரை மறித்துத் தமிழில் கேட்பார். அவர் சிங்களத்தில் ஏதோ சொல்லுவார். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடப்பார்கள். பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்கு அழ, வான் சாரதி அண்ணை போனில் கத்த, பூங்கா மூடும் நேரமும் ஆகிவிடும். அங்கிருந்து அம்மம்மாவைக் கிளப்புவதற்கு இந்தக் கையேட்டில் வழி ஒன்றும் இல்லை.