புரொப்பேனுக்கு அனுமதி இல்லை

கே: சமையல் கேஸில் இருக்கும் புரொப்பேனும், பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் புரொப்பிலீனும் உறவா? பெயர் ஒரே ஜாடையாக இருக்கிறதே! – வாசகர், விருதுநகர்

ப: ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். இரண்டுக்கும் கார்பன் மூன்று. புரொப்பேனுக்கு ஹைட்ரஜன் எட்டு, புரொப்பிலீனுக்கு ஆறு. இரண்டு குறைந்த இடத்தில் கார்பன்கள் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதில் ஒரு கையை விடுவித்துப் பக்கத்து ஆளோடு கோத்துக்கொண்டே போனால் நாற்காலி, சிமென்ட் சாக்கு எல்லாம் வரும். புரொப்பேனுக்குக் கோக்க மிச்சக் கை கிடையாது.

கே: ஆலையில் கலந்தே வரும் இந்த இரண்டையும் பிரிக்க என்ன கஷ்டம்? காய்ச்சினால் தீர்ந்தது! – கல்லூரி மாணவர், திருச்சி

ப: காய்ச்சித்தான் பிரிக்கிறார்கள், தீரத்தான் மாட்டேன் என்கிறது. புரொப்பிலீன் மைனஸ் 47.6 டிகிரியில் கொதிக்கும். புரொப்பேன் மைனஸ் 42.1-ல். நடுவே ஐந்தரை டிகிரிதான். அதனால் நூற்றுக்கும் மேல் தட்டுகள் அடுக்கிய கோபுரத்தில் ஆவியாக்கி, குளிரவைத்து, மறுபடி ஆவியாக்கி, ஒவ்வொரு தட்டிலும் துளித்துளியாகப் பிரிக்க வேண்டும். புரொப்பிலீனையும் எத்திலீனையும் சுத்தம் செய்ய மட்டும் உலகின் மொத்த எரிசக்தியில் 0.3 சதவீதம் போகிறது என்று 2016-ல் 'நேச்சர்' இதழில் ஷோல், லைவ்லி என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஃபேனை அணைக்காததற்கு நான் வீட்டில் வாங்கிய திட்டெல்லாம் ஞாபகம் வந்தது.

கே: சல்லடையில் சலித்தால் ஆகாதா? – இல்லத்தரசி, மணலி

ப: மணலியில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்! சலவைத் தூளுக்கான 'லேப்' என்னும் மூலப்பொருள் உங்கள் ஊரில் தயாராகிறது. அதற்கு மண்ணெண்ணெயிலிருந்து நேரான கார்பன் சங்கிலிகளை மட்டும் பொறுக்குவது ஜியோலைட் என்னும் துளைக்கல். நேரானது துளைக்குள் நுழையும். கிளை விட்டது வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும். (கிளை விட்டதில் சோப்புத் தூள் செய்த காலத்தில் ஆறுகளில் நுரை மக்காமல் மிதந்தது.) 1756-ல் ஸ்வீடனின் குரோன்ஸ்டெட் இப்படியொரு கல்லைச் சூடாக்க, உள்ளிருந்த தண்ணீர் பொங்கியது. 'கொதிக்கும் கல்' என்று கிரேக்கத்தில் பெயர் வைத்துவிட்டார். ஆனால் மண்ணெண்ணெயைச் சலிக்கும் அந்தத் துளைக்குள் நம் புரொப்பேனும் போகும், புரொப்பிலீனும் போகும்.

கே: 2025 வேதியியல் நோபல் கிடைத்தது இந்த மாதிரி சல்லடைக்குத்தானே? – ஆசிரியர், தென்காசி

ப: கிட்டத்தட்ட. கிட்டகாவா, ராப்சன், யாகி மூவரும் உலோகத்தை முடிச்சாகவும் கரிம மூலக்கூறைக் கழியாகவும் வைத்துப் பந்தல் கட்டக் கற்றுக்கொடுத்தவர்கள். கழியை மாற்றினால் துளையின் அளவு மாறும். 2016-ல் சவூதியின் காஸ்ட் பல்கலைக்கழகத்தில் கட்டிய பந்தல் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதன் முந்தைய வடிவத்தில் சிலிக்கன் இருந்தது. துளையோரத்து பைரசீன் வளையங்கள் சுழல்கதவு மாதிரித் திரும்பி, வந்தவர்களையெல்லாம் உள்ளே விட்டன. சிலிக்கனை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பருத்த நையோபியத்தை வைத்தார்கள். வளையங்களுக்குத் திரும்ப இடமில்லை, சந்து குறுகிவிட்டது. புரொப்பிலீன் ஒடுங்கி நுழைந்தது, புரொப்பேன் வெளியே நின்றது.

கே: அப்படியானால் கோபுரங்களை இடித்துவிடலாமே? – வாசகி, கோவை

ப: கடப்பாரையைக் கீழே வையுங்கள். உள்ளே போனதை வெளியே கிளப்ப வேண்டாமா? வெற்றிடம் வேண்டும், இல்லையென்றால் சூடு, இரண்டும் காசு. நமக்கு வேண்டிய சரக்கே துளைக்குள் சிக்கியிருப்பதுதான் இதில் வேடிக்கை. 2018-ல் வந்த ஓர் இரும்புப் பந்தல் இதைத் தலைகீழாக்கியது: எத்திலீன்–ஈத்தேன் ஜோடியில் வேண்டாத ஈத்தேனைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டிய எத்திலீனை நேரே வெளியே விட்டது. அரிசியைப் பொறுக்காமல் கல்லைப் பொறுக்கும் புத்தி! ஆனால் இந்தப் பந்தல்களில் சில, காற்றின் ஈரம் பட்டாலே உதிரும். பரிசோதனைக்கூடத்தில் கிராம் கணக்கில் செய்ததை ஆலைக்கு டன் கணக்கில் செய்யவும் வேண்டும். அதுவரை கோபுரம் நிற்கட்டும்.

கே: இதனால் சிலிண்டர் விலை குறையுமா? – 'நடுத்தரம்', மதுரை

ப: குறையாது. நாற்காலியும் அதே விலைதான்.