சட்டி பார்க்க வந்தவர்

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நாலு பேருக்கு ஜம்பாலயாச் சோறு செய்ய ஒரு கனத்த சட்டி, இரண்டு கப் அரிசி, ஒரு மணி நேரம் வேண்டும். பெரியவர் ஒருவரும் வேண்டும் என்று எந்தச் சமையல் புத்தகமும் எழுதுவதில்லை. எழுதாவிட்டாலும் வந்துவிடுவார் என்பதால் விட்டிருக்கலாம். தொத்திறைச்சித் துண்டுகள் சூடான எண்ணெயில் விழுந்து, அந்தப் புகைவாசம் தெருவில் இறங்கிய சற்று நேரத்தில் முன்கதவு கிறீச்சிடும்.

"அம்மாவும் மத்தவங்களும் சௌக்கியமா, பேபி?"

யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். உங்களைத்தான். அந்த ஊரில் கடைக்காரம்மா, பஸ் டிரைவர், பல் டாக்டர் எல்லாரும் எல்லாருக்கும் பேபிதான். எண்பது வயதுக் கிழவருக்கும் விலக்கு இல்லை. அம்மாவை விசாரிப்பதும் ஊர் முகமன். நீங்கள் அம்மாவின் முட்டிவலியைப் பற்றித் தொடங்குமுன் அவருடைய மூக்கு அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். உடம்பு பின்னாலேயே வரும்.

அறுபது தாண்டியவர். தலையில் செயின்ட்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் தொப்பி, வெயில் குடித்து வெளுத்தது. கையில் எதுவும் கொண்டுவரவில்லை, அபிப்பிராயம் மட்டும் நிறைய இருக்கிறது. இவரைப் போல் தெருவுக்கு ஒருவர் உண்டு. சில தெருக்களில் எதிரெதிர் வீடுகளில் இருவர் இருப்பார்கள்; அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது.

"இன்னிக்கு என்ன கிழமை?"

திங்கள் என்று சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். திங்கட்கிழமை என்றால் அங்கே சிவப்பு பீன்ஸும் சோறும். அந்தக் காலத்தில் அது துணி துவைக்கும் நாள். ஞாயிறு விருந்தில் மிஞ்சிய பன்றித்தொடை எலும்பைப் போட்டு பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பெண்கள் துவைக்கப் போவார்கள், அது தன்பாட்டில் வெந்துகொண்டிருக்கும். வாஷிங் மெஷின் வந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. பீன்ஸ் மட்டும் கிழமை மாறவில்லை.

"ஜம்பாலயாவை யாரும் வேண்டாம்னு சொல்லலே, பேபி. செவ்வாய்க்கிழமை செஞ்சிருக்கலாம்."

அடுத்து வெட்டுப்பலகை. பெண் பார்க்க வந்த பெரியப்பா மாதிரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். வெங்காயம் ஒன்று, செலரித் தண்டு இரண்டு, பச்சைக் குடைமிளகாய் ஒன்று. இந்த மூன்றுக்கும் லூசியானா மாநிலத்தில் பரிசுத்த திரித்துவம் என்று பெயர். ஊரே கத்தோலிக்க வாடையில் ஊறியது என்பதால் இதை யாரும் தெய்வநிந்தையாக எடுத்துக்கொள்வதில்லை. கூடச் சேரும் மூன்று பல் பூண்டைப் போப்பாண்டவர் என்றே சொல்வார்கள். நீங்கள் அவசரத்துக்குச் சிவப்புக் குடைமிளகாய் வாங்கியிருந்தால், பெரியவர் ஒன்றும் சொல்ல மாட்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொள்வார்.

தொத்திறைச்சி விஷயத்தில் இவ்வளவு நாசூக்கு கிடையாது. அது ஆண்டூயிதானா என்று கேட்பார். பன்றி இறைச்சியைப் பெரிய துண்டுகளாக நறுக்கி, பூண்டும் மிளகும் சேர்த்துக் குடலில் அடைத்து, நன்றாகப் புகையூட்டிய சரக்கு அது. ஆமாம் என்றால் எந்த ஊர் ஆண்டூயி என்று அடுத்த கேள்வி வரும். ஆற்றோரமாக மேற்கே லாப்ளாஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. உலக ஆண்டூயித் தலைநகரம் என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டது. அந்த ஊர் என்றால் தலையசைப்பார். சூப்பர்மார்க்கெட் என்றால் உங்கள் குளிர்பெட்டியைத் திறந்து உறையை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொருள்பட்டியலை உயில் படிப்பதுபோல் கடைசி எழுத்துவரை படிப்பார்.

இதற்குள் நீங்கள் ஆண்டூயியைச் சிவக்க வறுத்து எடுத்து, அதே கொழுப்பில் எலும்பில்லாத கோழித்தொடைத் துண்டுகளையும் சிவக்கவிட்டு, திரித்துவத்தைப் போட்டு வதக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அடிப்பிடித்த பழுப்பையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டி விடுங்கள். ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது. இதைப் பெரியவரும் சொல்வார். அவர் சொல்வதில் இது சரி.

தக்காளி டப்பாவைத் திறக்கும்போதுதான் அவர் முகத்தில் முதல் வெளிச்சம் வரும். தக்காளி போடுவது கிரியோல் வழக்கம், நியூ ஆர்லியன்ஸ் வழக்கம், சிவப்பு ஜம்பாலயா. தக்காளியே இல்லாமல், இறைச்சியையும் வெங்காயத்தையும் கருகும் விளிம்புவரை வறுத்து அந்தப் பழுப்பிலேயே சோற்றுக்கு நிறம் ஏற்றுவது கேஜன் வழக்கம். கேஜன்கள் என்பவர்கள் கனடாப் பக்கத்து அகேடியாவிலிருந்து 1755 முதல் ஆங்கிலேயரால் விரட்டப்பட்டு, பத்தாண்டு அலைந்து லூசியானாவின் சதுப்புநிலங்களில் வந்து குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வாரிசுகள். அந்த அலைச்சலைப் பற்றிப் பெரியவருக்கு மெத்த அனுதாபம் உண்டு. தக்காளியைச் சட்டியில் சேர்க்காததை மட்டும் அவரால் மன்னிக்க முடிவதில்லை.

"அங்கெல்லாம் போனா கேளு, பேபி. பழுப்புச் சோறு. தக்காளி எங்கேன்னு கேட்டா முறைக்கிறான். நான் சும்மா விடுவேனா?"

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோழிச்சாறு மூன்று கப் ஊற்றி, தைம், இரண்டு லாரல் இலை, கயேன் மிளகாய்த்தூள், உப்பு போட்டுக் கொதிவரும் அந்த இடைவெளியில் சரித்திரம் வரும். ஸ்பெயின்காரர்கள் 1760களிலிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டு இந்த ஊரை ஆண்டார்கள் அல்லவா, அவர்கள் தங்கள் நாட்டுப் பயேயாச் சோறு செய்யப் பார்த்துக் குங்குமப்பூ கிடைக்காமல் தக்காளியைப் போட்டார்கள், அதுதான் ஜம்பாலயா என்பார். எதிர்வீட்டுப் பெரியவரைக் கேட்டால் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்வார். குங்குமப்பூக் கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1719இல் லூசியானாவுக்கு வந்த முதல் அடிமைக் கப்பல்களின் தலைவர்களுக்கு, விதைநெல்லும் அதை விளைவிக்கத் தெரிந்த ஆட்களும் கொண்டுவரும்படி உத்தரவு இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஜொலோஃப் என்று இன்றும் தக்காளியில் சிவந்த சோறு பொங்குகிறார்கள். நகரத்துச் சீமான்களின் அடுப்பில் தலைமுறை தலைமுறையாகக் கிளறிய கைகளும் அந்தக் கப்பல்களில் வந்தவர்களின் வம்சம்தான். பெரியவர் தன் பாட்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தவள் யார் என்று கேட்டால் சாறு கொதித்துவிட்டது என்று சட்டியைக் காட்டுவார்.

அலபாமா பற்றியும் பேச்செடுக்காதீர்கள். ஜம்பாலயாவின் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோன 1952ஆம் ஆண்டுப் பாட்டைப் பாடிய ஹாங்க் வில்லியம்ஸ் அலபாமாக்காரர். அச்சில் வந்த பழைய ஜம்பாலயாச் செய்முறைகளில் ஒன்று அலபாமாவின் மொபீல் நகரத்துத் தேவாலயப் பெண்கள் 1878இல் போட்ட சமையல் புத்தகத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் அவருக்கு இரத்த அழுத்தம் ஏறும். மருத்துவச் செலவு உங்கள் தலையில் விடியும்.

அரிசி நீளமணியாக இருக்க வேண்டும். குழைந்தால் மானம் போயிற்று. இங்கே நம்மவர்களுக்கு ஒரு சந்தோஷம்: பெருஞ்சட்டியில் சமைக்கும் லூசியானாக்காரர்கள் பலர் நம்புவது புழுங்கலரிசியைத்தான். எவ்வளவு வெந்தாலும் மணி மணியாக நிற்கும். அரிசியைப் போட்டு, வறுத்து எடுத்துவைத்த ஆண்டூயியைச் சேர்த்து ஒருமுறை கிளறிக் கொதிவந்ததும், தீயைக் குறைத்து மூடிவிட வேண்டும். இனி 20 நிமிடம் திறக்கக் கூடாது, கிளறவும் கூடாது.

இந்த 20 நிமிடம் பெரியவரின் அரசாட்சி. நாற்காலியை அடுப்புக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொள்வார். நீங்கள் கரண்டி எடுக்க அந்தப் பக்கம் போனாலும் கை நீட்டி மறிப்பார். ஏழாம் நிமிடம் நீங்கள் குழந்தையைப் பார்க்க உள்ளே போய்த் திரும்பினால் மூடி அவர் கையில் இருக்கும்.

"நான் பாத்தா பரவாயில்லே. ஆவிக்கு என்னைத் தெரியும்."

அப்போதுதான் நீங்கள் வாயைக் கொடுக்கிறீர்கள். உப்பு சரியாக இருக்குமா, நாலு பேருக்கு எவ்வளவு போடுவது என்று பணிவாகக் கேட்கிறீர்கள்.

"நாலு பேருக்கா?"

அவர் குரலில் முதன்முறையாக ஒரு தடுமாற்றம். விஷயம் இதுதான்: பெரியவர் வாழ்நாளில் நாலு பேருக்குச் சமைத்ததே இல்லை. மாதாகோயில் நிதிக்கு, தீயணைப்பு நிலைய விழாவுக்கு, மைத்துனன் மகள் கல்யாணத்துக்கு என்று கொல்லையில் கேஸ் அடுப்பு வைத்து, ஒரு ஆள் உள்ளே உட்காரக்கூடிய இரும்புச் சட்டியில், படகுத் துடுப்பு நீளக் கரண்டியால் இருநூறு பேருக்குக் கிண்டியவர். அவருடைய செய்முறை மூட்டை வெங்காயத்திலிருந்து தொடங்கும். வீட்டுச் சமையல் மனைவியுடையது. அங்கே அளவுக் கப் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. ஆனாலும் விட மாட்டார். உங்கள் மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் வகுத்துப் பார்ப்பார். ஒரு லாரல் இலையில் ஐந்தில் ஒரு பங்கு, பூண்டில் அரைப்பல், உப்பு எதிர்மறை எண்ணில் என்று விடை வரும். உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நாலு பேருக்குச் செய்யறதெல்லாம் சமையலே இல்லே, பேபி" என்பார்.

20 நிமிடம் ஆனதும் உரித்த இறாலைச் சோற்றின்மேல் பரப்பி மறுபடி ஐந்து நிமிடம் மூடுங்கள்; முதலிலேயே போட்டால் ரப்பராகிவிடும். அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் தூவி, முள்கரண்டியால் மெல்லப் புரட்டிவிட்டால் முடிந்தது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. தட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

உட்கார்ந்ததும் லியா சேஸ் கதை. ட்ரெமே பகுதியில் டூக்கி சேஸ் உணவகத்தை நடத்தி, 2019இல் 96ஆம் வயதில் மறைந்த மகராசி. ஒபாமா சாப்பிட வந்தபோது, ருசி பார்க்குமுன் கம்போ என்ற குழம்பில் காரச்சாறு ஊற்றப் போனார் என்று அந்த அம்மாள் அவரையே அதட்டியது ஊரறிந்த சங்கதி. பெரியவர் அடுத்த மேசையில் இருந்தவர்போல அதை நடித்துக் காட்டுவார். நடித்துக்கொண்டே கிரிஸ்டல் காரச்சாற்றுப் புட்டியைத் திறந்து உங்கள் ஜம்பாலயாமேல் கவிழ்ப்பார். இன்னும் ஒரு வாய் எடுத்து வைக்கவில்லை.

2016இல் டிஸ்னிக்காரர்கள் கேல் கீரையும் கினோவாவும் போட்டு 'ஆரோக்கியமான கம்போ' என்று ஒரு காணொளி வெளியிட்டு, லூசியானாவே கொதித்தெழுந்ததும் அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்ட விவகாரமும் வரும். அது கம்போ, இது ஜம்பாலயா என்று நீங்கள் சொன்னால், "இன்னிக்கு அது, நாளைக்கு இது" என்று இரண்டாம் தட்டுக்குக் கை நீட்டுவார். மூன்றாம் தட்டின்போது, சோறு கொஞ்சம் ஈரம் என்பார்.

இவரை அடக்க ஆளே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது ஓர் ஊர். நியூ ஆர்லியன்ஸிலிருந்து சுமார் அறுபது மைல் மேற்கே கொன்சாலஸ். 1968இலிருந்து உலக ஜம்பாலயாத் தலைநகரம் என்று பேர் எடுத்து, ஆண்டுதோறும் விழா நடத்தி உலக சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் ஊர். அங்கே போட்டி என்றால் விறகு அடுப்பு, இரும்புச் சட்டி, கோழி. நிறம் பழுப்பு. ஒரு வருஷம் மைத்துனன் நம் பெரியவரை அங்கே கூட்டிப்போய்விட்டான்.

புகைக்கு நடுவில், இவரைவிட ஒரு சுற்றுப் பெரிய தொந்தியும் இவருடையதைவிட நீளமான கரண்டியுமாக ஒரு கொன்சாலஸ் பெரியவர் நின்றிருந்தார். தட்டில் பழுப்புச் சோற்றை அள்ளி வைத்து, எந்த ஊர் என்று கேட்டார். நியூ ஆர்லியன்ஸ் என்று இவர் சொல்லித் தொலைத்தார்.

"ஓ. சோத்துல தக்காளி போடுவீங்களாமே?"

"நான் போடறதில்லே. வீட்டுல அவ போடுவா."

"இறாலும் போடுவாங்கன்னு சொன்னாங்க?"

"அதெல்லாம் சுற்றுலாக்காரங்களுக்கு."

"அப்போ சிவப்பு ஜம்பாலயான்னு ஒண்ணு இருக்கறது நிஜந்தானா?"

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் நம் பெரியவர்.

பேதுரு மூன்றாம் முறை மறுதலித்ததும் சேவல் கூவியது என்று வேதாகமம் சொல்கிறது. கொன்சாலஸில் அதற்கு வழியில்லை. அங்கிருந்த கோழியெல்லாம் சட்டிக்குள் வெந்துகொண்டிருந்தது.