வராந்தாத் திணை: கட்சிக்காரரின் அகவாழ்வு குறித்து ஓர் ஆய்வு

அகவாழ்வை ஆராய்ந்த நம் முன்னோர் குறிஞ்சி முதலாக ஐந்து திணை சொன்னார்கள். ஓரத்தில் கைக்கிளை, பெருந்திணை என்று இரண்டைச் சேர்த்து ஏழோடு நிறுத்திக்கொண்டார்கள். எட்டாவதாக ஒன்று இருப்பது அவர்கள் கண்ணில் படவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் காலத்தில் முன்சீப் கோர்ட் கிடையாது. அவ்வெட்டாம் திணைக்கு வராந்தா என்று பெயரிட்டு, அதன் இலக்கணத்தை வரையறுப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வாளரின் தகுதி: ஒன்பது ஆண்டுக் களப்பணி. களம்: எங்கள் தாலுகா கோர்ட்டின் கிழக்கு வராந்தா. ஆய்வுப் பொருள்: என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஓடும் இரண்டரை அடிச் சந்து. நிதியுதவி: மனைவியின் வளையல் ஒரு ஜோடி.

கருதுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன். வக்கீல் வைத்தவரிடம் போய் அனுபவம் எப்படி என்று கேட்டால் அவர் தீர்ப்பைப் பற்றிப் பேசமாட்டார். தோற்றவர் தன் வக்கீலைத் தெய்வம் என்பார். ஜெயித்தவர் மண்ணை வாரித் தூற்றுவார். ‘இன்னைக்கு உள்ளே என்ன நடந்தது’ என்று வக்கீல் வெளியே வந்து சொன்னாரா இல்லையா, அவ்வளவுதான் கணக்கு.

இனி இலக்கணம். வராந்தாவின் சிறுபொழுது காலை பத்தரை தொடங்கி டவாலி கடைசிப் பெயரைக் கூப்பிடும் வரை. மரம் வேம்பு. பறவை காக்கை. உணவு மசால்வடை. பறை, டவாலியின் குரல். தெய்வம் மனுநீதிச் சோழன். சென்னை ஐகோர்ட் வளாகத்தில் அவருக்குச் சிலையே இருக்கிறது. வக்கீல் வைக்காமல், மணியை மட்டும் அடித்து நியாயம் வாங்கிய ஒரே கட்சிக்காரர் அவரிடம் போன பசுதான் என்பது இவ்விடத்தில் கருதத்தக்கது. மாந்தர் மூவர். வக்கீல் தலைவன். கட்சிக்காரர் தலைவி, மீசை இருந்தாலும் தலைவிதான், காத்திருப்பவர் தலைவி என்பது மரபு. குமாஸ்தா தோழி.

களவு, அதாவது வக்கீலைக் கண்டடையும் பருவம், விளம்பரத்தால் நிகழ்வதில்லை. இந்திய பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது. பெயர்ப் பலகைகூட அளவாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே மச்சான் சொல்லி, டீக்கடைக்காரர் சொல்லி, பத்திரம் எழுதுபவர் சொல்லித்தான் சந்திப்பு நடக்கிறது. எனக்கு மச்சான் சொன்னார். ‘கோர்ட்டே நடுங்கும் மாப்ளே’ என்றார். ‘கௌரவம்’ படத்து பாரிஸ்டர் ரஜினிகாந்தை மனதில் வைத்துக்கொண்டு போனேன். அறை முழுக்கச் சட்டப் புத்தகங்கள், ஒரே பச்சை பைண்டிங். கேட்டுக்கொண்டே இருந்தவர் பாதியில் கையை உயர்த்தி, ‘ஜெயிச்சுடலாம்’ என்றார். நான் இன்னும் சந்து எந்தப் பக்கம் என்றே சொல்லியிருக்கவில்லை.

வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதும் களவு கற்பாகிறது. வக்காலத்து ஏறத்தாழத் தாலி. வேறு வக்கீலிடம் போக வேண்டுமானால் பழையவர் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது கோர்ட் வழக்கம். அந்த ஒரு வரியை வாங்குவதற்குள் விவாகரத்து எளிது என்று தோன்றிவிடும்.

இத்திணையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

தலைவன் கவுன் ஒரு தோளில் தொங்க, கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோர்ட் ஹாலிலிருந்து வெளியே வருகிறான். தலைவி மஞ்சள் பையோடு எழுந்து அரை அடி பின்னால் ஓடுகிறாள்.

‘என்னாச்சு சார்?’

‘வாய்தா.’

‘எப்ப சார்?’

‘குமாஸ்தாகிட்ட கேட்டுக்குங்க.’

முடிந்தது. காலை பஸ்ஸில் கிளம்பி, வேலைக்கு அரைநாள் லீவு போட்டு, இரண்டு மணிநேரம் நின்றதற்கு மூன்று சொற்கள் கிடைத்தன. குமாஸ்தாவிடம் போனால் தேதி கிடைக்கும். கூடவே, ‘டைப்பிங்குக்கு ஒரு ஐந்நூறு குடுத்துட்டுப் போங்கண்ணே’ என்பதும் கிடைக்கும். இந்த வக்கீலிடம் இருந்த ஆறு ஆண்டில் எனக்காக அடிக்கப்பட்ட டைப்பிங்கைப் புத்தகமாகப் போட்டிருந்தால் நானும் எழுத்தாளனாகியிருப்பேன். போன் செய்தால் தோழி எடுத்து, ‘சார் கோர்ட்ல இருக்காங்க’ என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கும் அதையே சொன்னார்.

சொல்லாராய்ச்சி: வக்கீல், வக்காலத்து, ஆஜர், ஜப்தி, ராஜி எல்லாம் அரபு, பாரசீகம் வழியாக நம்மிடம் வந்த சொற்கள். வாய்தாவும் அப்படியே. அதன் மூலச் சொல்லுக்கு வாக்குறுதி என்று பொருள். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. வக்கீல் எனக்குக் கொடுத்த வாக்குறுதிகளில் தவறாமல் நிறைவேறியது இது ஒன்றுதான்.

விசாரணை தொடங்கிவிட்டால் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. 2002 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம். அந்தத் திருத்தங்களை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை போனவர்கள் வேறு யாருமல்ல, நம் சேலத்து வக்கீல் சங்கத்தார். திருத்தம் நின்றது. ஆனால், கைமீறிய காரணம் இருந்தால் மூன்றுக்கு மேலும் தரலாம் என்று 2005-ல் ஒரு சிறு ஜன்னலைக் கோர்ட் திறந்து வைத்தது. அந்த ஜன்னல் வழியாக என் ஆறு ஆண்டுகள் வெளியேறின. என் நோட்டில் இருக்கும் காரணங்கள்: ஜட்ஜ் லீவு. கட்டு வரவில்லை. எதிர்பார்ட்டி வக்கீல் டைம் கேட்டார். நம் வக்கீல் டைம் கேட்டார். பாய்காட். (வக்கீல்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று 2002 டிசம்பரிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. என் நோட்டு அதற்கு வெகுகாலம் கழித்துத் தொடங்குகிறது.)

ஊடலுக்கு மருதத்தில் பரத்தை காரணம். வராந்தாவில் டீ.

ஒருநாள் வாய்தா வாங்கிவிட்டு வெளியே வருகிறேன். வேப்பமரத்தடியில் என் வக்கீலும் எதிர்பார்ட்டி வக்கீலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே அரைமணிக்கு முன்பு ‘கடுமையாக ஆட்சேபிக்கிறேன்’ என்றவர்கள். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. ‘வெலை போயிட்டான்’ என்று மச்சானுக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரரும் அன்று அதே காட்சியைப் பார்த்து, அதே சொல்லை அவர் மச்சானிடம் சொல்லியிருக்கிறார் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. தன் வக்கீல் எதிரி வக்கீலோடு பேசவே கூடாது என்பது கட்சிக்காரர் உலகின் மூடநம்பிக்கை. தினமும் ஒரே கட்டடத்தில் இருபது வருஷம் வேலை பார்ப்பவர்கள் நம் சந்துக்காக டீயைத் தனித்தனியாகக் குடிக்க முடியாது. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே என்ன நடந்தது என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால், வெளியே வடை தின்றது என் கண்ணிலேயே பட்டிருக்காது.

பாலைக்குரிய பெரும்பொழுது வேனில் என்பார்கள். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை, இலக்கணம் பிசகவில்லை. அந்த விடுமுறை முடிந்து ஜூனில் போனபோதுதான் எனக்கு நெய்தல் வாய்த்தது. ‘உங்க கேஸ் லிஸ்ட்லயே இல்லையேண்ணே’ என்றார் வேறொரு குமாஸ்தா. விசாரித்தால், ஜனவரியிலேயே ‘வாதி ஆஜரில்லை’ என்று வழக்கைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். அன்று நான் ஆஜராகித்தான் இருந்தேன், ஆனால் டீக்கடையில். ‘நீங்க இங்கயே இருங்க, நான் பாத்துக்கறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர் வேறு கோர்ட்டில் இருந்திருக்கிறார். தள்ளுபடியான வழக்கை மீட்க 30 நாளைக்குள் மனுப் போட வேண்டும். எனக்கு விஷயம் தெரியவே ஐந்து மாதமாகிவிட்டது.

பழையவரை விட்டுப் பிரிந்தேன். மூலப் பத்திரத்தைக் கேட்டேன். ‘பீஸ் பாக்கி இருக்கே’ என்றார்.

இங்கே இலக்கியச் சான்று ஒன்று காட்டப்பட வேண்டும். சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கவிருந்த நாளில் ஒரு கிழவர் வந்து ‘நீ என் அடிமை’ என்று ஓலையை நீட்டினார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் பதறவில்லை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போனதும், ‘அவன் கிழித்தது படி, மூல ஓலை இதோ’ என்று எடுத்து வைத்தார். சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வழக்கு அங்கேயே முடிந்தது. கிழவர் சிவபெருமான் என்று பெரியபுராணம் சொல்கிறது. பக்தியை விலக்கிவிட்டுப் பார்த்தாலும், அசலைக் கைவிடாத கட்சிக்காரருக்குத் தமிழ் இலக்கியத்தில் இதைவிடப் பழைய முன்மாதிரி ஆய்வாளருக்குத் தெரிந்து இல்லை. நான் முதல் நாளே அசலைக் கொடுத்துவிட்டு ஜெராக்ஸை வீட்டில் வைத்திருந்தேன்.

புதிதாக நான் போன வக்கீலம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். பச்சை பைண்டிங் புத்தகங்கள் இல்லை, ஒரு லேப்டாப். பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களை வக்கீல் பிடித்துவைக்க முடியாது என்று 2000-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது என்றார். பழையவருக்கு ஒரு போன். பத்திரம் மறுநாள் வந்தது. தாமதத்தை மன்னிக்கும் மனுவில், வக்கீலின் தவறுக்குக் கட்சிக்காரர் பலியாகக் கூடாது என்ற 1981-ஆம் வருஷத்து ரபீக் வழக்கை எடுத்துக்காட்டினார். வழக்கு உயிர்பெற்றது.

இவ்வளவு நஷ்டத்துக்குப் பழையவர்மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். முடியாது என்றார். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிவிட்டது. வேண்டுமானால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அந்தத் தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று, வக்கீல் வேலை செய்யும் விதத்தின்மேல் கட்சிக்காரருக்குக் கணிசமான நேரடிக் கட்டுப்பாடு உண்டு என்பது. இதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆறு ஆண்டுகள் ஒருவரை நான் கட்டுப்படுத்தி வைத்திருந்தேன் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

வக்கீலம்மா செய்த வேறு இரண்டு காரியங்கள் கருதுகோளுக்கு நேரடிச் சான்று. முதலாவது, கட்டின் மேலட்டையில் வழக்கின் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணை எழுதி, இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதி, என்ன நிலை எல்லாம் தெரியும் என்று என் போனிலேயே போட்டுக் காட்டினார். இந்த எண் எல்லா வழக்குக்கும் உண்டு. பழையவர் காலத்திலும் இருந்தது. யாரும் சொல்லவில்லை. இரண்டாவது, வாய்தா முடிந்த அன்று சாயங்காலம் கூப்பிடுவார். ‘சார், இன்னைக்கு அவங்க சைடு கவுன்டர் போடலை. இருபத்தொண்ணாம் தேதிக்குப் போயிருக்கு. நீங்க வர வேண்டாம்.’ அதுவும் வாய்தாதான். ஆனால் அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

இனி ஆய்வாளர் தன் தவறையும் பதிவு செய்ய வேண்டும். ஒருநாள் அவர், ‘உங்க அப்பா இந்தச் சந்து பத்தி ஏதாவது எழுதிக் குடுத்திருக்காரா?’ என்று கேட்டார். ஆறு ஆண்டில் யாரும் கேட்காத கேள்வி. இல்லை என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். ‘சார், எங்கிட்ட சொல்லலைன்னா எதிர்பார்ட்டி ஜட்ஜ்கிட்ட சொல்வாங்க.’ சந்து இரண்டு வீட்டுக்கும் பொது என்று 1987-ல் அப்பா ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தத் தாள் என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருமுறை படித்துவிட்டு, ‘கேஸ் நிக்காது. ராஜியாப் போயிடுங்க’ என்றார்.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஒரு வாரம் போன் எடுக்கவில்லை. ‘ஜெயிச்சுடலாம்’ என்றவருக்கு ஆறு ஆண்டு பீஸ் கொடுத்தவனுக்கு, தோற்றுவிடுவாய் என்று சொன்னவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. மனைவி வெறுங்கையைக் காட்டி, ‘அந்தப் பொண்ணாவது உண்மையச் சொல்லுதே’ என்றாள். மறுநாள் போன் செய்தேன்.

லோக் அதாலத்தில் முடிந்தது. கால் மணிநேரம்கூட ஆகவில்லை. கோர்ட் பீஸ் திருப்பிக் கிடைக்கும், மேல்முறையீடு கிடையாது என்றார்கள். எதிர்பார்ட்டி தரப்பில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டது பக்கத்து வீட்டம்மாள். ஒன்பது ஆண்டில் முதல் தடவையாக என்னை ‘அண்ணே’ என்று கூப்பிட்டார். வெளியே என் வக்கீலும் அவர்கள் வக்கீலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் எதிர் பெஞ்சில் குடித்தோம். காசு நான் கொடுத்தேன்.

மூலப் பத்திரம் இப்போது என் பீரோவில் இருக்கிறது. யார் கேட்டாலும் ஜெராக்ஸ்தான்.