அகத்தி – போர்ட் பிளேர் வான்தூரம்: பாறசாலைப் பெஞ்சிலிருந்து ஓர் ஆய்வு

லட்சத்தீவின் அகத்தி விமான நிலையத்துக்கும் அந்தமானின் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சாயாக்கடைகளில் இன்னும் தீராத வழக்கு இது. இரண்டு தீவுகளையும் பார்த்தவர் எவரும் பெஞ்சில் இல்லாததால், விவாதம் இடையூறின்றி நடந்துவருகிறது. 1956-இல் பக்கத்து விளவங்கோடு வட்டம் இன்றைய தமிழ்நாட்டுக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆதலால் வாதி தமிழில் தொடங்கும் வாக்கியத்தைப் பிரதிவாதி மலையாளத்தில் முடிப்பது மரபு.

தூரம்: இரு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளன, தீர்க்கரேகையில் 20 பாகைக்குச் சற்று மேல் விலகியவை. கணக்கிட்டால் சுமார் 2,240 கி.மீ. பாகைக்கு 4 நிமிடம் வீதம், போர்ட் பிளேரில் விடிந்து ஏறத்தாழ 80 நிமிடம் கழித்தே அகத்தியில் விடியும். கடிகாரம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே மணி காட்டும். “சூரியனும் சர்க்கார் சொல்லுக நேரத்துக்கு வரணும்னா நடக்குமா மக்கா?” என்பது சாயா ஆற்றுபவரின் இடையீடு.

நேரம்: ஜெட் விமானமானால் மூன்று மணி நேரம் போதும் என்பது ஒரு தரப்பு. அகத்தியின் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்காது. இறங்கக்கூடிய ஏடிஆர் விமானமோ, ஆள் நிறைந்தால் சுமார் 1,500 கி.மீ.தான் பறக்கும். ஆகவே கொச்சி, சென்னை வழியாக மூன்று விமானம். பறக்கும் நேரம் மட்டும் ஐந்து மணியை ஒட்டி வரும்.

நிலவழி: முந்தைய ஆய்வாளர்கள் கோட்டைவிட்ட பகுதி இதுதான். கொச்சியிலிருந்து அகத்திக்கு ஒன்றரை மணி நேரம். பாறசாலையிலிருந்து கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்கோ 250 கி.மீ.க்கு மேல். வழியில் பாலராமபுரம் சந்திப்பைத் தாண்டும் நேரத்தைக் கணிக்க இதுவரை சூத்திரம் எதுவும் இல்லை. காரோட்டிலிருந்து கழக்கூட்டம் போகும் பைபாஸே வழி என்பார் ஒரு சாரார். பழைய ரோடே பழகிய ரோடு என்பார் மறு சாரார். எதிரிகளுக்குத் தப்பித் திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவு என்ற பலாமரம் நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்தில்தான் இருக்கிறது. வழி கிடைக்கும்வரை பொறுத்திருப்பது இவ்வூருக்குப் புதிதல்ல என்பதற்கு இதுவே சான்று.

முடிவு: இத்தீவுப் பயணத்தில் ஆகாயம் சுலபம், தரைதான் தூரம். கிளம்ப நினைப்பவர்கள் முதல் நாளே ரயில் ஏறிவிடுங்கள். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வாங்கியாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அது கையில் இல்லாதவருக்கு 2,240 கி.மீ. என்ன, 22 கி.மீ. என்ன, இரண்டும் ஒன்றுதான்.