கேரளக் கலாச்சாரத் துறைக்கு மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்

கேரள அரசின் கலாச்சாரத் துறை அதிகாரிகள் சமூகத்துக்கு,

கொச்சி, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகுக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் தமிழன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. புகார் மனுவோ என்று பயந்துவிட வேண்டாம். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் நன்றி, ஹேமா கமிட்டி அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு. 2017 பிப்ரவரியில் இதே கொச்சியில் ஒரு நடிகைக்கு ஓடும் காரில் நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, மலையாள சினிமாப் பெண்கள் கூடி டபிள்யூசிசி என்று அமைப்புத் தொடங்கி முதலமைச்சரைப் பார்த்தார்கள். அந்த ஜூலையிலேயே ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா, நடிகை சாரதா, முன்னாள் ஐஏஎஸ் அதிகாரி வல்சலகுமாரி மூவரையும், சினிமாவில் பெண்கள் படும் பாட்டை ஆராய அரசு குழுவாக அமர்த்தியது. நாட்டிலேயே எந்த மாநிலமும் செய்யாததைச் செய்தீர்கள். 2019 டிசம்பர் 31 அன்று அறிக்கை வந்தது. அப்புறம் 2024 ஆகஸ்ட் 19 வரை அதை வெயில் படாமல், காற்றுப் படாமல், கண் படாமல் காத்தீர்களே, அங்கேதான் நான் தலைவணங்குகிறேன். மிளகைக்கூட நாலரை வருஷம் பூஞ்சை பிடிக்காமல் வைக்க எங்கள் முதலாளிக்குத் தெரியாது. தகவல் ஆணையம் உத்தரவு போடாதிருந்தால் இன்னும் காத்திருப்பீர்கள்.

கத்தரித்தது போக மிஞ்சிய பக்கங்களைப் படித்தேன். படப்பிடிப்பில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டுகிறார்களாம். உடை மாற்ற மறைவிடம் கிடையாதாம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையாம். வாய் திறந்தால் அடுத்த படம் கிடைக்காதாம். தொலைக்காட்சியில் எல்லோரும் அதிர்ந்து போனார்கள். மட்டாஞ்சேரிக்காரனுக்கு அந்தக் கடைசி விஷயத்தில் அதிர ஒன்றுமில்லை.

உங்கள் கோப்புகளில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். எங்கள் துறைமுகத்தில் சாப்பா என்று ஒரு ஏற்பாடு இருந்தது. விடிகாலையில் கூலிகள் கூட்டமாக நிற்பார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் மூப்பன் உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். முண்டியடித்து, ஒருவன் கையை ஒருவன் மிதித்து, வில்லையைப் பிடித்தவனுக்கு அன்றைக்கு வேலை. மற்றவன் வீட்டுக்குப் போகலாம். கூலி ஏன் குறைந்தது என்று நேற்றுக் கேட்டவனை இன்றைக்கு யாரும் டிஸ்மிஸ் செய்ய மாட்டார்கள், நோட்டீஸ் கொடுக்க மாட்டார்கள். வில்லை அவன் நிற்கும் பக்கம் விழாது. இதை எதிர்த்த வேலைநிறுத்தத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆன்டணி என்று மூன்று பெயரை இந்த ஊர் இன்றும் சொல்லும்.

சாப்பா ஒழிந்ததாகப் புத்தகங்கள் சொல்கின்றன. இப்போது அது வாட்ஸ்அப்பில் வருகிறது. ஜூனியர் ஆர்ட்டிஸ்டுக்கு நாளை காலை ஆறு மணிக்கு வா என்று ஏஜென்ட் செய்தி அனுப்பினால் வேலை. அனுப்பாவிட்டால் இல்லை. யாரிடம் போய், என்ன ஆதாரத்தோடு முறையிடுவது? வராத செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியுமா? பழைய மூப்பனைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: அவன் பொது இடத்தில் நின்று எறிந்தான்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேராவது வேலை செய்யும் எந்த இடத்திலும் புகாரை விசாரிக்க விசாகா கமிட்டி வேண்டும். ஒவ்வொரு படத் தயாரிப்பு யூனிட்டுக்கும் இது பொருந்தும் என்று, டபிள்யூசிசி போட்ட வழக்கில் கேரள உயர் நீதிமன்றமும் 2022 மார்ச்சில் சொல்லிவிட்டது. மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், தொண்ணூறு நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். படமோ ஐம்பது நாளில் முடிந்து பூசணிக்காய் உடைத்துவிடுகிறார்கள். யூனிட்டே கலைந்த பிறகு கமிட்டி எந்த மரத்தடியில் உட்காரும்? விசாரணை நடக்கும்போது புகார் சொன்ன பெண் இடமாற்றம் கேட்கலாமாம். எங்கே, அடுத்த ஸீனுக்கா?

கணக்குப்பிள்ளை புத்தி, சட்டத்தை வரிவரியாகப் பார்த்தேன். பொய்ப் புகாருக்கு நடவடிக்கை என்று 14ஆம் பிரிவு ஒதுக்கியிருக்கிறார்கள் (நிரூபிக்க முடியாததெல்லாம் பொய்யாகிவிடாது என்று சேர்த்திருப்பதற்குக் கும்பிடு). புகார் சொன்னதற்காக வேலை மறுத்துப் பழிவாங்குகிறவனுக்கு அப்படித் தனியாக ஒரு பிரிவு கண்ணில் படவில்லை. புகார் சொன்னவரும் சாட்சியும் பழிவாங்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் 1997 விசாகா தீர்ப்பிலேயே இருந்தது. வேலை போய்விடும் என்ற மிரட்டலும் துன்புறுத்தலாகலாம் என்று 3ஆம் பிரிவு சொல்கிறதுதான். ஆனால் ஜாடையாகவாவது மிரட்டியிருக்க வேண்டுமே! சாப்பா யாரையும் மிரட்டியதில்லை.

எங்கள் தமிழ்நாட்டைப் பற்றியும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். பாலியல் புகார் சொன்ன பாடகி சின்மயியை 2018 நவம்பரில் டப்பிங் சங்கம் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. காரணம், சந்தா பாக்கியாம். பழிவாங்கலுக்கு ரசீது போட முடியும் என்று உலகுக்குக் காட்டியது நாங்கள்தான். உங்கள் அறிக்கை வந்த கையோடு, 2024 செப்டம்பரில் நடிகர் சங்கமும் கூடியது. குற்றம் செய்தவருக்கு ஐந்தாண்டு தடை என்ற தீர்மானத்தோடு, பாதிக்கப்பட்டவர்கள் மீடியாவிடம் போகாமல் முதலில் சங்கத்திடம் வரவேண்டும் என்ற அறிவுரையும் வந்தது. வில்லையை எறிகிற கையிடமே மனுவைக் கொடுக்கச் சொல்லும் இந்த ஏற்பாட்டைத் தாங்கள் பரிசீலிக்கலாம்.

இரண்டாவது நன்றி, அறிக்கை வெளியான பிறகு அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு. ஹேமாவிடம் அந்தரங்கமாகப் பேசியவர்கள் போலீஸிடம் வாக்குமூலம் தர முன்வரவில்லை, ஆகவே வழக்குகளை முடிக்கிறோம் என்று 2025 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தீர்கள். சாட்சி ஏன் வரவில்லை என்பதற்கான விளக்கமும் அந்த ஹேமா அறிக்கையில்தான் இருந்தது. நாலரை வருஷம் கையில் வைத்திருந்தவர்கள், ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

இடையில், 2023இல், சாப்பாவைப் பற்றி ராஜீவ் ரவி ‘துறமுகம்’ என்று நல்ல படமே எடுத்துவிட்டார். அறிக்கை அப்போது உங்கள் அலமாரியில் இருந்தது.

கடைசியாக ஒரு சந்தேகம். எங்கள் கிடங்கில் போன மாதம் ஒரு ஷூட்டிங். கமிட்டி விவரத்தை எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்று சட்டத்தில் படித்திருந்ததால், புரொடக்‌ஷன் மேனேஜரிடம் “நோட்டீஸ் எங்கே சேட்டா?” என்றேன். மனுஷர் நல்லவர், கோபப்படவில்லை. “அச்சடித்து வேனில் வைத்திருக்கிறோம், அண்ணாச்சி. சுவரில் ஒட்டினால் ஃபிரேமில் விழும். இது ஐம்பதுகளில் நடக்கிற கதை, அப்போது இந்தச் சட்டம் ஏது?” என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகப் படுகிறது. ஆகவே பீரியட் படங்களுக்கும் பொருந்துமாறு, சட்டத்துக்கு 1950 முதல் முன்தேதியிட்டு ஓர் அரசாணை பிறப்பிக்க வேண்டுகிறேன். ரகசிய அறிக்கையாக அனுப்பினாலும் சரி.

இப்படிக்கு,
பஜார் ரோட்டுக் கணக்குப்பிள்ளை