வெறும் வயிறும் கருப்பட்டிக் காப்பியும்

குளத்தூரில் ஒரு மனிதரை வெறும் வயிற்றோடு லேப் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது சாமானியப்பட்ட வேலை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஊருக்குள் நுழைந்து போகிறது. லாரிக்காரர்களை நம்பி விடியுமுன்பே பாய்லர் கொதிக்கத் தொடங்கிவிடும். வீட்டிலிருந்து லேபுக்குப் போகிற வழியில் ஒவ்வொரு டீக்கடையிலும் ஒரு அண்ணாச்சி கையை நீட்டி மறிக்கிறார். "ஒரு டீயக் குடிச்சிட்டுப் போங்க." வேண்டாம் என்றால் முகம் கறுத்துவிடும். "ரத்தம் குடுக்கப் போறோம்" என்று காரணம் சொன்னாலோ, "அப்பன்னா கண்டிப்பாக் குடிக்கணுமே, தெம்பு வேண்டாமா?" என்று ஸ்ட்ராங்காகப் போடச் சொல்லிவிடுகிறார்.

என் தாய்மாமா எழுபதைத் தாண்டிய சம்சாரி. கரிசல் மானாவாரியில் முண்டு வத்தலும் உளுந்தும் போட்டு, ஐப்பசி மழைக்காக வானத்தைப் பார்த்தே ஆயுசில் பாதியைக் கழித்தவர். மழைக்குக் காத்திருக்கத் தெரிந்தவருக்கு லேப் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கத் தெரியவில்லை. டாக்டர் சீட்டைக் கையில் வாங்கியதும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"எம்புட்டு நேரம் ஆகும் மாப்ள? பத்து மணி பஸ்ஸுல விளாத்திகுளம் போய் வத்தல் வெல கேக்கணும்."

மெஷினைக் கேட்டால் அது நிமிஷக் கணக்கில்தான் பதில் சொல்லும். மிச்ச நேரத்தையெல்லாம் தின்பது மனிதர்களும் பஸ்ஸும். இதை மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் "அப்ப மெஷின்கிட்டயே நேராப் போயிருவோம்" என்பார்.

முதலில் பட்டினி. சீனி பார்க்க 8 மணி நேரம், கொழுப்பும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் 9 முதல் 12 மணி நேரம். ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டு எட்டு மணிக்குக் குறட்டை விடும் ஆளுக்கு இது ஒரு தவமே இல்லை. காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டும் தன்னால் முடிந்திருக்கும். கஷ்டம் முழுக்க அவர் எழுந்திருக்கும் நாலரை மணிக்குமேல்தான். மாமா எழுந்ததும் அடுப்பங்கரைப் பக்கம் போனார். நான் குறுக்கே நின்றேன்.

"காப்பி சாப்பாட்டுல சேராது மாப்ள. அது தண்ணி."

"சீனி இருக்கே மாமா."

"சீனி எங்க போட்டோம்? வேம்பார் கருப்பட்டி."

கருப்பட்டி மேல் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இருக்கும் நம்பிக்கையை யாராலும் அசைக்க முடியாது. பக்கத்து வேம்பாரில் காய்ச்சுவது, பனை ஏறியவரை நமக்குத் தெரியும், அது எப்படி வியாதியைக் கூட்டும் என்பது வாதம். கருப்பட்டியிலும் பெரும்பங்கு இருப்பது சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். சொந்த ஊர்ச் சரக்கு என்று ரத்தம் அதற்குச் சலுகை காட்டுவதில்லை.

அத்தை இதற்கு நேர் எதிர்க் கட்சி. அவளுக்கும் அன்றைக்குத்தான் டெஸ்ட். முந்தின நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், எச்சில் விழுங்குவதைக்கூட யோசித்து யோசித்துச் செய்துகொண்டிருந்தாள். சும்மா தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடித்தால்தான் நரம்பு எடுப்பாகத் தெரியும். நாக்கு வறண்டு வந்து கையை நீட்டினால் நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். இந்தக் கை, அந்தக் கை, புறங்கை என்று தேடவேண்டி வரும். அத்தைக்கு அதுதான் நடந்தது. "பக்தியாத்தான இருந்தேன், ஏன் இப்படிக் குத்துது இந்தப் பிள்ள?" என்பது அவள் ஆற்றாமை.

லேப் என்றால் ஒரே அறைதான். ஒரு பெண், ஒரு ஃபிரிட்ஜ், சுழலும் மெஷின் ஒன்று, எண்ணும் மெஷின் ஒன்று. அந்தப் பெண் மாமா கையில் ரப்பர் பட்டையைக் கட்டியதும் அவர் பலம் காட்டுவதுபோல முஷ்டியை மடக்கி மடக்கி விரித்தார். "அப்படிச் செய்யாதீங்க தாத்தா" என்றாள். அப்படி இறுக்கி இறுக்கி விரித்தால் அந்த ரத்தத்தில் பொட்டாசியம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். பட்டையையும் ஒரு நிமிஷத்துக்குமேல் கட்டி வைக்கக் கூடாது.

பிறகு குப்பிகள் வந்தன. ஊதா மூடி, சாம்பல் மூடி, மஞ்சள் மூடி.

"ஒத்த ஆளுக்கு எதுக்குத் தாயி மூணு குப்பி?"

உடம்பில் ஓடுகிற ஏறக்குறைய 5 லிட்டரில் அவள் எடுத்தது ரெண்டு டீஸ்பூன் தேறும். மாமா முகத்தைப் பார்த்தால் குடம் குடமாக இறைத்த மாதிரி இருந்தது. ஊதா மூடிக் குப்பிக்குள் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து இருக்கிறது. அது அணுக்களை எண்ண. மஞ்சள் மூடியில் உறைய விடவேண்டும். அது கொழுப்பும் உப்பும் பார்க்க. சாம்பல் மூடியில் ஃபுளோரைடு. உடம்பைவிட்டு வெளியே வந்த பிறகும் ரத்த அணுக்கள் அதிலுள்ள சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். சும்மா வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை குறையும். அந்தத் தீனியை நிறுத்தத்தான் ஃபுளோரைடு. அந்தப் பெண் பொறுமையாக இதைச் சொன்னதும் மாமா கண்ணில் ஒரு வெளிச்சம்.

"அப்ப அந்த மருந்து இல்லாத குப்பில ஒருநாள் பூரா வச்சிருந்தா சீனி இறங்கிருமா?"

"இறங்கும் தாத்தா. குப்பில மட்டும்."

காத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்: உள்ளே அந்தப் பெண் வேலை பார்க்கிறாளா, போன் பார்க்கிறாளா? ஊதாக் குப்பியை மெஷின் ஒரு நிமிஷத்தில் எண்ணிவிடும். மஞ்சள் குப்பி அரை மணி நேரம் உறைய வேண்டும், அப்புறம் பத்து நிமிஷம் சுழல வேண்டும், மேலே தெளிந்து நிற்பதை எடுத்துத்தான் சோதனையே தொடங்கும். உறைவதை எந்த எம்.எல்.ஏ. சிபாரிசாலும் அவசரப்படுத்த முடியாது. இதில் ஈ.எஸ்.ஆர். என்று ஒன்று இருக்கிறது. ரத்தத்தை ஒரு குழாயில் ஏற்றிச் செங்குத்தாக நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரத்தில் சிவப்பு எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது என்று பார்ப்பது. ஸ்வீடனைச் சேர்ந்த வெஸ்டர்கிரேன் 1921-ல் எழுதிய முறை. நூறு வருஷம் கழிந்தும் அந்த முறைக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம்தான். குழாயும் சும்மா நிற்கும், அந்தப் பெண்ணும் சும்மா நிற்பாள், நாமும் சும்மா நிற்போம்.

அடுத்தது சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சீனி. இதுதான் எங்கள் ஊர் மூளையைக் கசக்கிப் பிழியும் பரீட்சை. கணக்கு முதல் வாய் வைத்ததிலிருந்து தொடங்கும். கை கழுவி, பல் குத்தி, வெற்றிலை போட்டு முடித்ததிலிருந்து இல்லை. வழக்கமான சாப்பாட்டை, வழக்கமான மாத்திரையோடு சாப்பிடவேண்டும் என்பது விதி. மற்ற நாளில் ஆறு இட்லியை அரைப் பேச்சில் முடிக்கிற மாமா, அன்றைக்கு ரெண்டு இட்லியைக் கோயில் பிரசாதம்போலப் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டார். தேங்காய்ச் சட்னியைக் கண்ணால் மட்டும் பார்த்தார். லேப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லோரும் ரெண்டு இட்லிக்காரர்கள்தான் என்பது பேசிப் பார்த்ததில் தெரிந்தது. அந்த ரிசல்ட்டைப் பார்த்து மருந்து எழுதும் டாக்டர், குளத்தூர்வாசிகளைப் பறவை இனம் என்று நினைத்திருப்பார்.

பத்து மணி பஸ் எங்கள் கண்ணெதிரே போயிற்று.

மூணு மாச சுகர் டெஸ்டுக்கு இந்த வேஷமெல்லாம் எடுபடாது. அதற்குப் பட்டினியும் வேண்டாம், இட்லிக் கணக்கும் வேண்டாம். சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் திரிகிற சீனி அதில் ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த ரெண்டு மூன்று மாதத்தில் நாம் சராசரியாக எப்படி இருந்தோம் என்பது வெளியே வந்துவிடும். சர்க்கரைக்காரர்கள் ரத்தத்தில் இப்படி ஒரு வித்தியாசமான ஹீமோகுளோபின் இருக்கிறது என்று 1960-களின் கடைசியில் கண்டு சொன்னவர் ஈரான் மருத்துவர் சாமுவேல் ரஹ்பர். அவர் மட்டும் குளத்தூர் வந்திருந்தால் லேப் பெஞ்சில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார்கள்.

இந்தச் சோதனையும் தைராய்டும் எங்கள் லேபில் கிடையாது. தூத்துக்குடிக்குப் போகவேண்டும். நாங்கள் போகவேண்டியதில்லை, ரத்தம் மட்டும் போகும். மத்தியான பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் ஐஸ் பெட்டி ஏறும். தன் ரத்தம் தனக்கு முன்னால் தூத்துக்குடி போவதைப் பார்த்து மாமாவுக்குச் சங்கடம். "அதுக்கு மட்டும் சீட்டு கெடைக்குது பாரு." ரிசல்ட் மறுநாள்.

அத்தைக்கு எழுதியிருந்த யூரின் கல்ச்சருக்கு ரெண்டு மூன்று நாள் ஆகும் என்று அந்தப் பெண் சொன்னபோது, மாமா சண்டைக்குப் போவார் என்று பயந்தேன். கிருமியை வளர விட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்டதும் அடங்கிவிட்டார். "வெதச்ச அன்னைக்கே மொளைக்கலன்னு நெலத்த ஏசினா எப்படி? ஈரம் பிடிக்கணும்ல." சோதனைக்கூடத்தின் மீது அவர் வைத்த ஒரே மரியாதை அதுதான்.

மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. டாக்டர் எழுதியது நாலு டெஸ்ட். மெட்ராஸில் இருக்கும் மகன் போனிலேயே பணம் கட்டி முழு உடல் பேக்கேஜாக மாற்றியிருந்தான். ஆறு பக்கம். அங்கங்கே ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் என்றால் பயம்தானே. டீக்கடையில் கூடிப் படித்தார்கள். "எம்.சி.எச்.சி. கொறஞ்சிருக்கு" என்று ஒருவர் வாசிக்க, அது என்னவென்று தெரியாமலே நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள். பேரிச்சம்பழம், முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல் என்று வைத்தியமும் அங்கேயே முடிவாயிற்று.

நார்மல் அளவு என்று பக்கத்தில் அச்சடித்திருக்கிறதே, அது பெரும்பாலும் ஆரோக்கியமான ஆட்களை அளந்து, நடுவிலுள்ள 95 சதவீதம் பேரை மட்டும் உள்ளே வைத்துப் போட்ட வேலி. நூற்றில் ஐந்து பேர் ஒரு குறையும் இல்லாமலேயே வேலிக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், கல்லுமாதிரி இருக்கிற மனிதனுக்கும் ஒரு நட்சத்திரமாவது விழ 64 சதவீதம் வாய்ப்பு. பேக்கேஜ் பெரிதாகப் பெரிதாக நட்சத்திரத்துக்குப் பஞ்சமே இருக்காது.

அந்த ஆறு பக்கத்தில் யாரும் கவனிக்காத வரி ஒன்று: பாஸ்பரஸ். ரத்தத்தில் அதை அளக்க ஒரு வழியை 1925-ல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். கதர் உடுத்தியதற்காகப் பேராசிரியர் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். மாமா கதை முழுவதையும் கேட்டார். "அவருக்கு நட்சத்திரம் போட்டிருக்கா?" என்றார். இல்லை, பாஸ்பரஸ் நார்மல். "அப்ப நல்ல மனுசன்."

டாக்டர் ஆறு பக்கத்தையும் பார்க்க எடுத்துக்கொண்டது அரை நிமிஷம். எம்.சி.எச்.சி. பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை. மூணு மாச சுகரில் விரலை வைத்தார். மாமாவை ஒருமுறை பார்த்தார். மாத்திரையை மாற்றி எழுதி, "மூணு மாசம் கழிச்சு இத மட்டும் திரும்ப எடுத்துட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா காலண்டர் முன்னால் போய் நின்றார்.

"இப்ப மாசி. மூணு மாசம்னா வைகாசி. நடுவுல பங்குனிப் பொங்கல் வருதே?"

"வருது மாமா."

"அன்னைக்குத் திங்கிறது அந்த அணுவுல ஒட்டிக்கிடுமாக்கும்?"

"ஒட்டிக்கிடும்."

"சரி, ஆடிக்குத் தள்ளிப் போடுவோம்."

"வைகாசில ரெண்டு கல்யாணம் இருக்கு" என்று அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "ஆடில கொடை."

மாமா தாளைப் புரட்டினார். ஆவணி முகூர்த்தம், ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகைப் பொரி உருண்டை, தைப் பொங்கல், மறுபடி மாசியில் சிவராத்திரிக்குக் குலதெய்வம். விரல் விட்டு எண்ணினார்.

"ஏ மாப்ள, சேர்ந்தாப்புல நாலு மாசம் திருநா இல்லாத காலமே இந்த வருசத்துல இல்லையே."

மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் அரசாங்கம் தொடங்கிய திட்டத்தில், வீட்டுக்கே வந்து விரலில் குத்திச் சீனி பார்க்கும் பெண் ஒருத்தி உண்டு. மாமாவுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அந்தக் குட்டி மெஷின் அஞ்சு நொடியில் பதில் சொல்லிவிடும். அந்த நேரத்துச் சீனியைச் சொல்லுமே தவிர, பழைய கதை எதையும் கிளறாது. 15 சதவீதம் முன்னே பின்னேகூட இருக்கலாம்.

"அந்தப் பிள்ள திரும்ப எப்ப வரும்னு கேட்டு வையி" என்றார் மாமா. "அதுகிட்டயே பாத்துக்கிடுவோம். ரெண்டு இட்லியோட."